டிஸ்கோவில் கட்டிய தாலி

காலையில் உடற்பயிற்சி மண்டபத்தின் கதவைத் திறந்ததும் ஒரு மணம் வரும். ரப்பர் மெத்தையும் தரை மெழுகும் நேற்றுப் பந்தடித்த பிள்ளைகளின் வியர்வையும் கலந்த மணம். டோர்ட்மண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஹவுஸ்மைஸ்டர். அந்தப் பெயரைக் கேட்டு, ஏதோ தலைமையாசிரியருக்கு அடுத்த பதவி என்று ஊரில் நினைத்திருக்கிறார்கள். நானும் திருத்தப் போகவில்லை. சாவிக்கொத்தும் ஏணியுமாகத் திரிந்து, எரியாத விளக்கை எரியவைத்து, ஒழுகுகிற குழாயை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. மற்றவர்கள் அந்த மணத்துக்கு மூக்கைப் பொத்துவார்கள். நான் அதை ஒரு தடவை நன்றாக உள்ளே இழுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி நின்றபோது கைபேசி அதிர்ந்தது. மாலாவின் மகள் ஒரு வீடியோத் துண்டு அனுப்பியிருந்தாள். மாலா யார் என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னால் இதே மாதிரி ஓர் உடற்பயிற்சி மண்டபத்தில் கலியாணம் முடித்தவள். அந்தக் கலியாணத்துக்கு வாசித்தது எங்கள் இசைக்குழு. நாங்கள் மூன்று பேர், ஒரு தாய் பிள்ளைகள். ஜெயம் அண்ணை, வதனி அக்கா, கடைசியாக நான். இப்போது மாலாவின் மகளுக்குக் கலியாணம். தாயின் பழைய வீடியோ நாடாவை எங்கோ கொடுத்துக் கைபேசியில் பார்க்கிற மாதிரி மாற்றியிருக்கிறாள்.

"மாமா, இதிலை டிஸ்கோ போட்டது நீங்கள்தானே? என்ர கலியாணத்திலை பெரிய லைன்வாண்டிலை காட்டப்போறம். ஓகேயா?" என்று குரல் செய்தியும் இருந்தது. லைன்வாண்ட் என்றால் திரை. இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழில் இப்படி இடையிடையே ஜெர்மன் கல்லுக் கடிக்கும். பழகிவிட்டது.

வீடியோ அரை நிமிசம்கூட இல்லை. சுவரில் பிள்ளைகள் ஏறிப் பழகுகிற மரச் சட்டங்கள், அவற்றில் கட்டிய பிளாஸ்டிக் வாழை. கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே மணவறை. கூறைச் சேலையில் மாலா குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை தாலிக்கொடியோடு எழும்புகிறார். ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்கிறார். ஒரு சத்தமும் இல்லை. ஐயர் திரும்பிப் பார்க்கிறார். அதன்பிறகு வருகிறது பாருங்கள், டும்-ச்ச, டும்-ச்ச, டும்-ச்ச. அசல் டிஸ்கோ. அதன் மேலேயே தாலி ஏறுகிறது.

"ஓம் பிள்ளை, நான்தான்" என்று பெருமையோடு பதில் எழுதப் போனேன். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் எங்கள் ஆட்களிடையே டிஸ்கோ என்ற ஒன்றைத் தொடக்கி வைத்தவன் நான் என்பது ஊரறிந்த கதை. அதை நானே எத்தனை பிறந்தநாள் விழாக்களில், எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எழுதுவதற்கு முன் இன்னொரு தரம் பார்ப்போம் என்று பார்த்தேன். அப்போதுதான் படத்தின் இடது ஓரத்தில் எங்கள் கீபோர்டின் பாதி தெரிவதைக் கவனித்தேன். அதன் மேல் ஒரு கை வந்து பட்டனை அமத்துகிறது. அந்தக் கையில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள்.

நான் வாழ்க்கையில் பல கோலம் போட்டவன். ஆனால் வளையல் போட்டதில்லை. அங்கேயே ஒரு மெத்தையில் இருந்துவிட்டேன். முதலாம் பாடத்துக்கு வந்த பிள்ளைகள், ஹவுஸ்மைஸ்டருக்கு என்ன சுகமில்லையா என்று சுற்றி நின்று கேட்டார்கள்.

அந்தக் கீபோர்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை நாங்கள் வாங்கவில்லை, பொறுக்கினோம். இந்த நாட்டில் ஸ்பேர்முல் என்று ஒரு நாள் உண்டு. வேண்டாத கட்டில், மேசை, மெத்தையெல்லாம் வீதியோரத்தில் வைத்துவிடுவார்கள், விடிய லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். லொறிக்கு முன்னால் நாங்கள் போய்விடுவோம். அகதி முகாமில் எங்கள் அறையில் இருந்த எல்லாமே அப்படி வந்ததுதான். ஒரு நாள் ஒரு கிழிந்த சோபாவின் மேல் அந்தக் கீபோர்ட் கிடந்தது. ஒரு கட்டை உடைந்திருந்தது, மற்றதெல்லாம் வேலை செய்தது. கொஞ்ச நேரம் வாசித்தால் சூடேறி, அடுப்பில் பால் கருகிய மணம் வரும். இப்போதும் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் எனக்கு அந்தக் கீபோர்ட்தான் நினைவுக்கு வரும். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டுவாள்.

அதில் ஒரு வரிசை பட்டன்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தாளத்தின் பெயர்: வால்ஸ், சம்பா, ரொக், டிஸ்கோ. அமத்தினால் தானாக அடிக்கும், திரும்ப அமத்தினால் நிற்கும். அண்ணை அந்தப் பக்கமே எங்களைப் போக விடமாட்டார். "உது வெள்ளைக்காரன்ர மெசின். தாளம் எண்டா கையாலை போடவேணும்" என்பார். அவர் தபேலாவும் பொங்கோவும் வாசிப்பார். அக்கா பாடுவா. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டியிருந்ததால் நான் கீபோர்டுக்கு முன்னால் நிறுத்தப்பட்டேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வேலை செய்ய அனுமதி இல்லை, வேறு சோலியும் இல்லை. ஆறு மாதத்தில் ஒரு மாதிரி வாசிக்கப் பழகிவிட்டேன். 'ஜெயம் சகோதரர்கள்' என்று அண்ணை பெயர் வைத்தார். சகோதரி ஒருத்தி இருக்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை, அக்காவைத் தவிர.

அந்த நாட்களில் இங்கே எங்கள் ஆட்களில் நாதஸ்வரம், தவில் வாசிக்க ஒருவரும் இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஊரிலிருந்து வந்த ஒரு கசட்டில் கெட்டிமேளம் பதிந்திருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் கையைத் தூக்கியதும் டேப் ரிக்கோடரைத் தட்டிவிடுவது எங்கள் பொறுப்பு. அது சின்ன வேலை இல்லை. தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ ஒரு அழுகையோ ஒரு கெட்ட சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது, அதற்காகத்தானே கெட்டிமேளம். அதனால் கசட்டை முதலே சரியான இடத்துக்குச் சுற்றி வைத்து, ரிக்கோடருக்குப் பக்கத்தில் நான் காவல் நிற்பேன்.

மாலாவின் கலியாணம்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கலியாணம். மாலா ஊரிலிருந்து வந்து மூன்று கிழமைதான். மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்தவள் நேரில் பார்த்தது விமான நிலையத்தில். தாய் தகப்பன் யாரும் பக்கத்தில் இல்லை. கலியாணத்தை நடத்தியது தாய்மாமன், மீசையும் குரலும் பெரிய மனிதர். காலையிலிருந்தே மாலாவின் கண் கலங்கிக்கொண்டிருந்தது. அக்காதான் சேலை உடுத்திவிட்டு, பூ வைத்துவிட்டு, "அழாதை பிள்ளை, மை கரையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தா.

இனி நான் இத்தனை வருசமாகச் சொல்லிவந்த கதை. ஐயர் கையைத் தூக்கினார். நான் ரிக்கோடரைத் தட்டினேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. ரிக்கோடர் நாடாவைச் சப்பிவிட்டது. ஐயர் "கெட்டிமேளம்" என்கிறார், கெட்டிமேளம் வயிற்றுக்குள் போய்விட்டது. நான் நாடாவைப் பிடித்து இழுத்தேன், அது குடல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. இது சரிவராது என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரே பாய்ச்சலில் கீபோர்டுக்குப் போய்க் கைக்கு வந்த பட்டனை அமத்தினேன். அது டிஸ்கோ. அந்தப் பட்டனின் குளிர் இன்றும் என் ஆட்காட்டி விரலில் இருக்கிறது.

மண்டபத்தின் ஹவுஸ்மைஸ்டர், ஒரு பெரிய வயிறு வைத்த ஜெர்மன்காரர், சாவிக்கொத்தோடு வாசலில் நின்றவர், ஆட்டம் தொடங்கிவிட்டதாக்கும் என்று கைதட்டி இடுப்பை ஆட்டினார். அவர் மட்டும்தான் அன்று எங்களைப் பாராட்டியவர். ஐயர் முகம் கறுத்துப் போயிற்று. தாய்மாமன் எங்களைத் தேடி வந்தார். மெத்தைகள் அடுக்கி வைத்திருந்த சாமான் அறையில், அவருக்கும் ஐயருக்கும் முன்னால், அண்ணை என் கன்னத்தில் ஒன்று விட்டார். அதற்கு முன்னாலோ பின்னாலோ அண்ணை என்மேல் கை வைத்ததே கிடையாது. எனக்கு வலித்ததைவிட வெட்கம்தான் பெரிது. இருபத்தொரு வயதுக்காரன், மூக்குக்கு நேரே ரப்பர் மெத்தை. அந்த மணம் ஏன் எனக்குப் பிடிக்கும் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அடி வாங்கிய மணத்தைத் தேடி ஒருவன் தினமும் போவானா? எனக்கே விளங்கவில்லை.

அத்தோடு எங்கள் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, டோர்ட்மண்டிலிருந்து டுசல்டோர்ஃப் வரை எல்லா முகாமிலும் பேச்சாயிற்று. ஆனால் இரண்டு கிழமை கழித்து முகாமின் பொதுத் தொலைபேசி எங்களுக்காக அடித்தது. "அந்த டிஸ்கோ கெட்டிமேளம் அடிச்ச ஆக்கள் நீங்கள்தானே? தங்கச்சியின்ர சாமத்திய வீட்டுக்கு வரேலுமோ?" சாமத்திய வீடு என்றால் பெண்பிள்ளை வயதுக்கு வந்ததற்குச் செய்கிற சடங்கு. பிறகு இன்னொன்று. பிறகு பிறந்தநாள்கள். பெடியன்களுக்கு அது தேவையாக இருந்திருக்கிறது. வேலை இல்லை, வீடு இல்லை, ஊரிலிருந்து வருவதெல்லாம் கெட்ட செய்தி. ஆடுவதற்கு ஒரு தாளம் கிடைத்தால் விடுவார்களா?

அண்ணை ஒரு கிழமை யோசித்தார். பிறகு, "சரி, மெசினைப் போடு" என்றார். அவ்வளவுதான், மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். குழுவின் பெயரே 'வதனி அன்ட் பிரதர்ஸ்' ஆயிற்று, இளைஞர்கள் அக்காவைத்தான் கேட்டார்கள் என்பதால். டிஸ்கோ என்றால் மினுங்கவேண்டும். மினுங்குகிற துணிக்கு எங்கே போவது? இங்கே இஸ்திரிப் பலகைக்குப் போடுகிற உறை வெள்ளி நிறத்தில் பளபளக்கும். அக்கா அதைக் கிழித்து எங்கள் இரண்டு பேருக்கும் சட்டை தைத்தா. சூட்டைத் திருப்பி அனுப்புவதற்கென்றே செய்த துணி அது. எங்கள் சூட்டை எங்களுக்கே திருப்பி அனுப்பியது. ஒரு நிகழ்ச்சி முடியும்போது நானும் அண்ணையும் அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருப்போம்.

அப்போது எங்களுக்கு மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. போவதென்றால் அரசாங்க அலுவலகத்தில், எங்கள் பாசையில் கந்தோரில், காரணம் சொல்லித் துண்டு வாங்கவேண்டும். டுசல்டோர்ஃபில் ஒரு சாமத்திய வீட்டுக்கு மூன்று பேரும் ஒன்றாகப் போய், பல் வைத்தியரிடம் டெர்மின், அதாவது நேரம் குறித்திருக்கிறது, என்று எழுதிக் கொடுத்தோம். அந்த அலுவலர் அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "மூன்று பேருக்கும் ஒரே சனிக்கிழமை பல்வலியா?" என்று ஜெர்மனில் கேட்டார். அண்ணை கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காவால் பொய்யைத் தாங்க முடியவில்லை. "மியூசிக். டிஸ்கோ" என்று சொல்லிவிட்டா. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். முத்திரை குத்தித் தந்துவிட்டார்.

அதே அக்காதான். ஒரு பல்வலிப் பொய்யைத் தாங்காத அக்கா. இதை நினைத்தால்தான் என் குழப்பம் கூடுகிறது.

ஒரு கசட்டும் வெளியிட்டோம். முகாமின் சலவை அறையில் எதிரொலி நன்றாக இருக்கும் என்று அங்கேயே பதிந்தோம். அண்ணை சொந்தமாகப் பாட்டு எழுதினார். கந்தோர் வரிசையில் நிற்பதைப் பற்றி ஒன்று: "கியூவிலை நிண்டாலும் இடுப்பு நிக்காது." பாட்டின் முடிவில் யாரோ போட்டுவிட்டுப் போன சலவை இயந்திரம் வேகமெடுத்துச் சுற்றுகிற சத்தம் சேர்ந்துவிட்டது. அது புது விதமான இசைக்கருவி என்று சனங்கள் பாராட்டினார்கள். நாங்களும் ஓமோம் என்றோம். எங்கே போனாலும் என்னைக் காட்டி, "இவர்தான் அந்த டிஸ்கோ பட்டனை அமத்தினவர்" என்பார்கள். அடி வாங்கித் தந்த விரலே பெயரும் வாங்கித் தந்தது. நான் அந்த விரலை ஆட்டிக் காட்டுவேன். அக்கா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பா.

பிறகு என்ன, காலம் மாறியது. உண்மையான நாதஸ்வரமும் தவிலும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தன. டிஜே பெடியன்கள் வந்தார்கள். எங்களுக்கு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது. அண்ணை கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து, விபூதியும் வேட்டியுமாகப் பெரிய மனிதர் ஆகிவிட்டார். ஒரு திருவிழாவில் யாரோ அவரிடம் டிஸ்கோக் காலத்தைப் பற்றிப் பகிடியாகக் கேட்டபோது, மைக்கிலேயே, "நான் அந்தக் கூத்தெல்லாம் ஆடேல்லை. நான் வாசிச்சது பக்திப் பாட்டுக்கு மட்டும்தான்" என்றார். முன்வரிசையில் இருந்த அக்கா எழும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தான் குடியிருக்கிற டுசல்டோர்ஃபுக்கு ரயில் ஏறிவிட்டா. பதினொரு வருசம் இருவரும் பேசவில்லை. நான் நடுவில் நின்று, இங்கே நடப்பதை அங்கேயும் அங்கே நடப்பதை இங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாரியில் அண்ணைக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோது அக்கா கஞ்சிப் போத்தலோடு வந்து நின்றா. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருகிறா. இரண்டு பேரும் காலநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்த நிலைமையில்தான் வளையல் போட்ட கை வந்து சேர்ந்தது. அன்று பின்னேரமே அக்காவுக்கு எடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா, ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

"அக்கா, மாலாவின்ர கலியாணத்திலை பட்டனை அமத்தினது ஆர்?"

"இதென்ன கேள்வி. நீதானே."

"வீடியோவிலை வளையல் போட்ட கை தெரியுது."

"வேலைக்கு வெளிக்கிடுறன் தம்பி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டா. மறுநாள் எடுத்தா.

"அந்தப் பிள்ளை குளறி அழப் போகுதெண்டு எனக்குத் தெரிஞ்சுது. உதடு நடுங்கினது. ஒரு சத்தமும் இல்லாத நேரத்திலை தாலி ஏறேக்கை அவள் குளறினா என்ன கதைப்பினம்? எதையாவது அமத்துவம் எண்டு அமத்தினன். எதெண்டு நான் பாக்கேல்லை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். வரமுந்தி அண்ணை உனக்கு அடிச்சுப்போட்டார். அடிச்சாப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? பிறகு பாத்தா, எல்லாரும் உன்னைத் தூக்கி வச்சுப் புழுகினம். அப்ப சொன்னா உனக்கெல்லே நட்டம்." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னா: "தம்பி, அண்ணைக்கு மட்டும் உதைக் காட்டிப்போடாதை. இப்பத்தான் மனுசன் என்னோடை வாய் துறந்து கதைக்குது. பிழையான ஆளுக்கு அடிச்சனெண்டு தெரிஞ்சா அந்தாளின்ர நெஞ்சு தாங்காது. என்னையும் விடாது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியும் என்னிடம், புகழும் என்னிடம், பட்டன் மட்டும் அக்காவிடம். எனக்குக் கோபம் வரவேண்டும்போல இருந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம் வேறு. அமத்தினது அக்கா என்றால் என் விரலில் இருக்கிற அந்தக் குளிர் யாருடையது? முப்பத்தைந்து வருசமாகப் பொய்யைச் சொல்லிச் சொல்லி விரலையும் நம்பவைத்துவிட்டேனா?

மாலாவையும் கேட்டுப் பார்த்தேன். "அண்டைக்கு நீங்கள் குளறினனீங்களோ?" என்றேன். "அந்தச் சத்தத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அழுகையும் வந்தது. எது முதல் வந்ததெண்டு தெரியேல்லை" என்றா. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குனிந்த முகம், குலுங்குகிற தோள். அழுகையா சிரிப்பா, எனக்கும் தெரியவில்லை.

மாலாவின் மகளுக்கு 'போடவேண்டாம் பிள்ளை' என்று எழுதினேன். அழித்தேன். 'போடலாம்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அக்காவும் அண்ணையும் திரும்பப் பேசாமல் போனால் நான்தானே நடுவில் நிற்கவேண்டும். நாளைக்கு எழுதுவோம் என்று விட்டு, விட்டு, கலியாண நாளே வந்துவிட்டது. மண்டப வாசலில் அவளின் தோழியைப் பிடித்து, அந்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டேன். "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை எண்டதாலை ஓம் எண்டு எடுத்திட்டம் மாமா" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதைய மண்டபங்களில் மெத்தை மணம் கிடையாது. கலியாணத்துக்கென்றே கட்டியவை, கதிரைக்கெல்லாம் வெள்ளைச் சட்டை, சீலிங்கில் நூறு விளக்கு. முன்வரிசையில் அண்ணை இருந்தார், பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவருக்குப் பக்கத்தில் அக்கா. நான் பின்வரிசையில், இருவருக்கும் நடுவே தலையை நீட்டியபடி. கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வர மணப்பெண் உள்ளே போனாள். எங்கள் கலியாணங்களில் எல்லோரும் ஏலக்காய்த் தேநீரும் கதையுமாகக் காத்திருக்கிற நேரம் அது. அந்த நேரம் பார்த்து விளக்கை மங்கவைத்துத் திரையைப் போட்டார்கள்.

டும்-ச்ச, டும்-ச்ச. பெடியன்கள் விசிலடித்தார்கள். திரையில் எல்லாம் ஆளுயரத்தில் தெரிந்தது. மாலாவின் தோள், ஐயரின் முகம். அந்தக் கையும் ஓர் ஆள் அளவுக்கு. அக்கா இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டா, யாரோ இப்போதே வந்து சோதிக்கப் போகிறது போல. நான் அண்ணையின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறி இறங்குகிறதா என்று.

விளக்கு வந்தது. அண்ணை திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"வளையல் வடிவாத் தெரியுது, என்ன?"

அக்கா திரும்பி என்னை முறைத்தா. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். நான் இவளுக்குப் பின்னாலைதானே தபேலாவோடை இருந்தனான்."

"அப்ப ஏன் எனக்கு அடிச்சனீங்கள்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, ஐம்பத்தாறு வயதில் ஒரு சின்னப் பிள்ளையின் குரல்.

"ஐயரும் மாமன்காரனும் பாத்துக்கொண்டு நிண்டவை. ஆருக்கெண்டாலும் அடிச்சுக் காட்டவேண்டிக் கிடந்தது. இவளுக்கு அடிச்சிருந்தா பிறகு மேடை ஏறியிருக்க மாட்டாள். நீ எண்டா அடுத்த நாளே சோத்துக்கு வந்திடுவாய்."

வந்தேன்தான். அதுவும் இரண்டு கோப்பை.

"இல்லை அண்ணை, நான் அமத்தினது எனக்கு நல்ல ஞாபகம்."

"ஓமடா. நீ ஓடிவந்து நிப்பாட்டினனி. நீதான் நிப்பாட்டினது."

ஆக, என் விரல் பொய் சொல்லவில்லை. ஜெர்மனியில் டிஸ்கோவைத் தொடக்கி வைத்தவன் என்று நான் ஆட்டிக் காட்டிய விரல் அதை நிறுத்திய விரல். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாலாவைப் போல் குனிந்துகொண்டேன்.

மணப்பெண் கூறையோடு வந்துவிட்டாள். தவில்காரர் வாரைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அக்கா அண்ணையின் பக்கம் திரும்பி, மெல்ல, "தெரிஞ்சும் ஏன் இவ்வளவு காலமும் என்னட்டைக் கேக்கேல்லை?" என்றா.

"நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் அண்ணை.

அக்கா ஏதோ பதில் சொன்னா. அந்த நேரம் ஐயர் கையைத் தூக்கினார். இரண்டு தவிலும் இரண்டு நாதஸ்வரமும், சுவரிலெல்லாம் ஒலிபெருக்கி. மண்டபமே அதிர்ந்தது. அக்காவின் உதடு அசைவதைப் பார்த்தேன், நீளமாகவே அசைந்தது. அண்ணை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இன்று அந்தக் கையில் வளையல் இல்லை, ஒரு மணிக்கூடு மட்டும். நான் எவ்வளவோ தலையை நீட்டிப் பார்த்தேன், ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

மணப்பெண் அழுதாளா, யாராவது தும்மினார்களா, ஒன்றும் தெரியவில்லை. கெட்டிமேளம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும், சரிதான். எங்கள் ஸ்பேர்முல் கீபோர்டின் டிஸ்கோ மெலிந்த சத்தம். அதன் கீழே எல்லாம் கேட்கும். மாலாவின் விம்மலோ சிரிப்போ, அது கேட்டது, சாவிக்கொத்துக்காரரின் கைதட்டல் கேட்டது, காது கொடுத்திருந்தால் அக்காவின் வளையலும் கேட்டிருக்கும். அந்தக் கீபோர்டை அண்ணை பிறகு ஒரு ஸ்பேர்முல் நாளில் வீதியோரத்தில் வைத்தார். லொறி வருவதற்கு முன்னால் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கெட்டிமேளத்துக்குள் அக்கா என்ன சொன்னா என்று இருவரிடமும் கேட்டுவிட்டேன். காலநிலையைப் பற்றி என்கிறார்கள்.